இளவேனிலும் ஈத்துக் கணக்கும்

வசந்தம் என்கிற சொல் தமிழில் பட்ட பாட்டை யாராவது தனியாக எழுதவேண்டும். 1967 ஜூலையில் நக்சல்பாரி எழுச்சியைப் பற்றிச் சீனத்தின் 'மக்கள் தினசரி' எழுதிய தலையங்கம் 'வசந்தத்தின் இடிமுழக்கம்' என்று இங்கே வந்துசேர்ந்தது. 1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' வந்தது. அதற்கப்புறம் வசந்தம் எட்டிப் பார்க்காத கவிதைத் தொகுப்பைக் கண்டுபிடிப்பது சிரமம். விடியலுக்கு அடுத்தபடியாக நாம் தேய்த்துத் தீர்த்த சொல் அதுவாகத்தான் இருக்கும். நான் கேட்கவருவது ரொம்பச் சாதாரணமான கேள்வி: இந்த வசந்தத்தில் புல் எங்கே இருக்கிறது?

பனி உருகி, பச்சை துளிர்த்து, அதன்மேல் வெள்ளை ஆட்டுக்குட்டி துள்ளுகிற படம் ஒன்று ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் வழியாக நம் மண்டைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. குளிர்நாடுகளில் அது உண்மைதான். அங்கத்திய செம்மறி, பகல்பொழுது குறுகும் இலையுதிர் காலத்தில் பருவத்துக்கு வரும்; ஐந்து மாதம் சுமந்து, புல் தலைகாட்டும் நேரத்தில் ஈனும். வசந்தமும் குட்டியும் சேர்ந்து வருவதற்கு அங்கே கவிஞர்கள் காரணமல்ல. இங்கே இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். புல் காய்ந்து தூர் மட்டும் நிற்கிற மாதங்கள். கோடைமழை ஒரு உழவோ இரண்டு உழவோ பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஆனாலும் இங்கேயும் அப்போது குட்டிகள் பிறக்கின்றன. நம் ஆடுகளைப் பகலின் நீளம் அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை. வருஷம் பூராவும் ஈனும். மேய்ச்சலைப் பொறுத்துச் சில மாதங்களில் ஈத்து கூடும், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் நாலு வாய் பச்சை தின்று சினைப்பட்ட வெள்ளாட்டுக்கு நாள் எண்ணிப் பாருங்கள், பங்குனியில் வந்து நிற்கும். அதாவது தாய்க்கு மேய்ச்சல் அற்றுப்போய், குடிக்கிற தண்ணிக்கே அலைகிற நேரத்தில் குட்டி கால் ஊன்றுகிறது. புன்செய்க்காட்டுச் சிறு பண்ணையத்தின் வசந்தம் இதுதான். பிறப்பும் பற்றாக்குறையும் ஒரே வாரத்தில் வருகின்றன. பற்றாக்குறை வந்தால் கூடவே பங்கு பற்றிய கேள்வியும் வரும்: பிறந்த குட்டி யாருக்கு? இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. இலக்கியம் அதை எப்படிச் சொன்னது, எப்படிச் சொல்லாமல் விட்டது என்பதும் அந்த வரலாற்றில் சேர்த்திதான்.

நம் பழம்பாட்டில் கன்று வருவது வேனிலில் அல்ல, காரில். முல்லைக்குரிய பொழுது அது. மழை, மாலை, தொழுவம், தாய் இன்னும் திரும்பாத கன்று. முல்லைப்பாட்டில் தலைவன் திரும்புவானா என்று நற்சொல் கேட்கப்போன முதுபெண்டிரின் காதில் விழுவது, கட்டிக்கிடக்கும் கன்றுகளைப் பார்த்து ஓர் ஆய்மகள் சொல்லும் ஆறுதல். அவள் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் சொன்னது கன்றுகளுக்கு; பொருள் போய்ச் சேர்ந்ததோ மாளிகைக்குள் இருக்கிற தலைவிக்கு. எம்.ஏ. வகுப்பில் இதை 'விரிச்சி' என்று குறிப்பெடுத்துக்கொண்டு தாண்டிப்போனோம். அவை அவளுடைய கன்றுகளா, இன்னொருத்தர் தொழுவத்துக் கன்றுகளா என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'பாட்டுக்கு வெளியே போகாதே' என்று பதில் வந்திருக்கும்.

தொல்காப்பிய மரபியலுக்கு வருவோம். உயிர்களின் இளமைப் பெயர்கள் ஒன்பது என்று அது தொடங்குகிறது. கன்று எதற்கு, குட்டி எதற்கு, மறி எதற்கு, பறழ் எதற்கு என்று பிரித்துக்கொண்டே போகும். பிறகு ஆண்பாற் பெயர்கள், பெண்பாற் பெயர்கள். இதே இயலில்தான் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்று நால்வகையினருக்கும் உரியவை எவையெவை என்ற பட்டியலும் இருக்கிறது. அந்தப் பகுதி இடைச்செருகல் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். செருகியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஆட்டுக்குட்டிக்கும் மாட்டுக்கன்றுக்கும் பக்கத்து இடம்தான் பொருத்தமாகப் பட்டிருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது இன்னதற்குரியது, இது ஆகாது என்று பிறப்பை வைத்துப் பகுக்கும் ஓர் இலக்கணம் அங்கே ஏற்கெனவே விரிந்து கிடந்தது. மனிதர்களை அதில் ஏற்றுவதற்குப் புதிதாக இலக்கணம் எதுவும் தேவைப்படவில்லை.

கணக்கு என்ற வகையில் நமக்குத் தெளிவாகக் கிடைப்பது சோழர் காலத்துக் கல்வெட்டுகள். கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால் பெரும்பாலும் 96 ஆடுகள் தானமாக விடப்பட்டன; சில இடங்களில் 90. ஆடு ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திராதித்தர் உள்ளவரை. தஞ்சைப் பெரிய கோயிலில் அப்படி ஆடு ஏற்றவர்களின் பெயர்களே வெட்டப்பட்டிருக்கின்றன. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு கொடுத்த அடைமொழி 'சாவா மூவாப் பேராடு'. சாகாத ஆடு, கிழடு தட்டாத ஆடு. நல்ல கவிதை என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் இது கணக்குச் சொல். கிழட்டு ஆடு கழியும், நோயில் ஆடு சாகும். அந்த இடத்தைப் பிறக்கிற குட்டி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 96 குறையக்கூடாது. குறைந்தால் பாரம் இடையருடையது. எண்ணிக்கைக்கு மேல் பிழைத்த குட்டியில்தான் அவர் பிழைப்பு நடந்திருக்க வேண்டும். சாகாமல் இருந்தது ஆடு அல்ல, நெய் அளக்கும் கடமைதான். அது அப்பனிடமிருந்து மகனுக்குப் போயிற்று. ஒவ்வோர் ஈத்திலும் பிறந்த குட்டி, கண் திறந்து நிற்பதற்கு முன்பே ஒரு விளக்குக்குக் கடன்பட்டிருந்தது.

(இதே சோழ நாட்டில்தான் தேர்க்காலில் விழுந்த ஒரு கன்றுக்காக மன்னன் மகனையே பலியிட்ட கதையும் சொல்லப்பட்டது. அந்தப் பசு ஆராய்ச்சிமணி அடித்த கதை நமக்குத் தெரியும். மேய்த்தவன் மணி அடித்ததாகக் கதை எதுவும் இல்லை.)

கல்வெட்டுகள் இந்த இடையரை 'மன்றாடி' என்று குறிக்கின்றன. அதே சொல் கொங்கு நாட்டில் 'மன்றாடியார்' என்று பட்டமாக நிற்கிறது. காங்கயம் மாட்டினத்தைத் தேர்ந்து பெருக்கியவர்கள் என்று கால்நடை நூல்கள் புகழ்கிற பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பட்டப்பெயர் அது. கல்வெட்டில் ஆட்டுக்குப் பொறுப்பாளியைக் குறித்த சொல், இங்கே மந்தைக்கு உடையவரைக் குறிக்கிறது. 1936இல் லிட்டில்வுட் எழுதிய 'தென்னிந்தியக் கால்நடைகள்' போன்ற நூல்களில் இனத்தின் கொம்பும் திமிலும் நிறமும் உண்டு. காங்கயம் கன்று செம்மை நிறத்தில் பிறந்து ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிறமாக மாறுவது கண்ணுக்கு அழகான விஷயம்தான். அந்த ஆறு மாதமும் அதன் சாணியை அள்ளியது யார் என்பது இனவிருத்தி நூல்களின் விஷயமில்லை.

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். வேலிக்குள் அடைத்துவிட்டால் ஆடுமாடு தானே மேயும். ஒரு காடு தீர்ந்தால் அடுத்த காடு. கோடையில் புல் போனாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கு வாய் நனையும். வறட்சிக்கு ஏற்ற அருமையான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் வேலி என்றால் உள்ளே, வெளியே என்று இரண்டு உண்டு. வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கு நிலமும் இல்லை, கொறங்காடும் இல்லை. ஆனால் மேய்க்கவும் கட்டுத்தரை கூட்டவும் அவர்கள் தேவை. இந்த இடத்தில்தான் வாரம் என்கிற ஏற்பாடு வருகிறது.

வாரத்துக்கு விடுவது என்றால், தாய் ஆடு உடையவருடையது. வளர்ப்பது இன்னொருத்தர், பெரும்பாலும் பெண், எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மாதாரித் தெருப் பெண். குட்டியில் பாதி அவளுக்கு, பாதி உடையவருக்கு. தாய் எப்போதும் உடையவருக்கே. மாடு என்றால் கன்றை விலை கட்டிப் பங்கு பிரிப்பதும் உண்டு, மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வதும் உண்டு. கேட்டால் நியாயமாகத்தான் தெரிகிறது: ஆளுக்குப் பாதி. என் தாய்வழிப் பாட்டி, அமுச்சி, வாசலில் உட்கார்ந்து நடத்திய பேச்சுகளில் ஒன்று ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சாமி, ஆடு குட்டி போட்டிருச்சுங்க. ரெண்டுங்க."

"பொட்டையா, கெடாயா?"

"ஒண்ணு பொட்டைங்க சாமி, ஒண்ணு கெடாய்ங்க."

"செரி. பால் மறந்ததும் பொட்டைய இங்க கொண்டாந்துரு. கெடாய நீயே வெச்சுக்க."

பேச்சு முடிந்தது. வந்தவள் அமுச்சியைவிட மூத்தவள். 'சாமி' ஒரு பக்கம், 'நீ' இன்னொரு பக்கம். 'ங்க' ஒரு திசையில் மட்டும்தான் போகும். அந்த வீட்டுப் பத்து வயசுப் பையன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், அவள் அவனைச் 'சின்னக் கவுண்டரே' என்பாள். மொழியில் இருக்கிற இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். ஆனால் அந்த நாலு வரியில் மொழியைவிட முக்கியமான ஒன்று நடக்கிறது. கிடாய் விற்றால் காசு, செலவாகிப்போகும். பெட்டை என்பது அடுத்த பட்டி. இரண்டு வருஷத்தில் அது நாலாகும், ஆறாகும். பங்கு பாதிதான், ஆனால் எந்தப் பாதி என்பதை முதலில் சொல்கிறவர் உடையவர். மூன்று பெட்டைக்குட்டி அவள் கைக்கு வந்திருந்தால் நாலாவது வருஷம் அவள் வாரத்துக்கு ஆடு கேட்டு வாசலில் வந்து நிற்க வேண்டியதில்லை. வந்து நின்றாள், முப்பது வருஷம். உற்பத்திச் சாதனம் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் நாம். அது நாலு காலில் 'மே' என்று கத்திக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒற்றைக்குட்டி போட்டால் இன்னும் சிக்கல். அதை விற்கிறவரை அவள் வளர்க்க வேண்டும், விலையில் பாதி. குட்டி செத்தால் புதைப்பதற்கு முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டும். விற்றுவிட்டுச் செத்துப்போச்சு என்று சொல்லிவிடுவாள் என்கிற சந்தேகம். செத்த குட்டியைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்து வந்து வாசலில் இறக்கிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு 'செரி, கொண்டு போ' என்பார்கள்.

'சிறு குடும்பப் பண்ணை' என்று பொருளாதாரம் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். 2014ஐக் குடும்ப வேளாண்மை ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அலெக்சாந்தர் சயானோவ் 1925இல் குடியானவப் பண்ணையைப் பற்றி எழுதியபோது, வீட்டில் உண்ணும் வாய் எத்தனை, உழைக்கும் கை எத்தனை என்ற விகிதம்தான் அந்தப் பண்ணையை இயக்குகிறது, லாபக் கணக்கு அல்ல என்றார். அருமையான பார்வை, அதற்குப் பரிசாக 1937இல் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். ஆனால் நம் மூன்று ஏக்கர் புன்செய்க்கு அவருடைய கணக்கைப் போட்டால் இடிக்கிறது. இங்கே வாய்கள் ஒரு வீட்டிலும் கைகளில் பாதி இன்னொரு தெருவிலும் இருக்கின்றன. குடும்பப் பண்ணை என்கிறபோது அந்தக் 'குடும்பம்' என்ற சொல் இரண்டாவது குடும்பத்தை மறைத்துவிடுகிறது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) இதை நாவலாக எழுதிக்காட்டியது. வருஷக் கூலிக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்கள், அவர்கள் பெயர் வைத்துக் கொஞ்சுகிற ஆடுகள். ஒன்றுகூட அவர்களுடையது இல்லை. பிரியம் பிறக்கிற இடமும் உடைமை இருக்கிற இடமும் வேறுவேறு என்பதை அந்த நாவலைப் போல எந்தக் கோட்பாட்டுக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை.

மாட்டுக்கு வருகிறேன். பசு ஈன்ற அன்று வீட்டுக்கு ஒரு களை வந்துவிடும். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிக் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடிகிற மரம், ஆகவே பசுவுக்கும் பால் ஊறும் என்பது நம்பிக்கை. ஊர் எல்லை ஆலமரத்தில் அந்த மூட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். கட்டித் தூக்கிப்போனது பண்ணையத்து ஆள். சீம்பால் வெல்லம் போட்டுக் காய்ச்சிச் சொந்தக்கார வீடுகளுக்குப் போகும். கட்டுத்தரைக்காரிக்குக் கிடைத்ததா என்றால், மனசைப் பொறுத்தது, கணக்கில் கிடையாது. கணக்கில் இல்லாதவை எப்போதும் 'மனசைப் பொறுத்தது' ஆகிவிடும். மாடு செத்தால் தூக்கிப்போக வேண்டியது மட்டும் மனசைப் பொறுத்ததாக இருக்கவில்லை.

நாட்டு மாடு கன்று முட்டாமல் சுரக்காது. அதனால் கன்றுக்கு ஒரு பேரம் பேசும் பலம் இருந்தது. முதலில் கன்றை விட வேண்டும், சுரப்பு விட்டதும் பிடித்துத் தாயின் முன்னால் கட்ட வேண்டும், அது நக்கிக்கொண்டிருக்கும்போது கறக்க வேண்டும், ஒரு காம்பை விட்டுவைக்க வேண்டும். 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கி, 1981இல் தமிழ்நாட்டில் கூட்டுறவு இணையம் அமைந்து, ஊர் ஊராகச் சொசைட்டி வந்து காலையும் மாலையும் அளவை நடந்தபோது அந்த நாலாவது காம்புக்கும் விலை வந்துவிட்டது. சொசைட்டிகளால் சிறு விவசாயி வீட்டில் பத்து நாளைக்கொருதரம் ரொக்கம் புழங்கியது உண்மை. அதை மறுக்கிறவன் கிராமத்தில் இருந்ததில்லை. பெண்கள் கறந்த பாலுக்குப் பெரும்பாலும் ஆண்கள் பேரில் உறுப்பினர் அட்டை இருந்ததும், தலித் வீட்டுப் பாலை ஊற்ற விடாத ஊர்கள் இருந்ததும் அதே அளவுக்கு உண்மை.

கன்று செத்துப்போனால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துகிற வழக்கம் ஒன்று இருந்தது. சென்னைத் தெருக்களில் பால்காரர் அந்த வைக்கோல் கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு பசுவை ஓட்டிவருவார். பசு அதை நக்கும், சுரக்கும். பிம்பம் அசலின் இடத்தைப் பிடித்துக்கொள்வது பற்றிப் பிரெஞ்சுக்காரர்களைப் படித்துவிட்டு நாம் பண்ணிய ஆர்ப்பாட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் தத்துவமெல்லாம் வருவதற்கு முன்பே பால்காரர் அதைத் தோளில் சுமந்துகொண்டு திரிந்தார். ஆனால் பசுவை ஏமாளி என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குத் தெரிந்திருக்கலாம்; மடி கனத்தால் யாராவது இறக்கத்தான் வேண்டும்.

ஜெர்சிக் கலப்பு வந்த பிறகு வைக்கோல் கன்றும் தேவையில்லை. கன்றில்லாமலே கறக்கப் பழக்கலாம். இப்போது கேள்வி, பிறந்தது கிடாரியா காளையா என்பதுதான். திமில் சப்பையான கலப்பினக் காளைக்கன்று வெயிலில் ஏருக்கு ஆகாது. ஏரும் டிராக்டரிடம் போய்விட்டது. அது குடிக்கிற பால் நஷ்டக் கணக்கு. அடித்துக் கொல்வதில்லை, பாலைக் குறைத்துக்கொண்டே வருவார்கள், ஒருநாள் எழுந்திருக்காது. அல்லது வாரச் சந்தையில் வந்த விலைக்குப் போகும். ஏறக்குறைய கிடாரியாகவே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்துக் குச்சிகள் இன்று வந்துவிட்டன. வாரக்காரியிடம் அமுச்சி கேட்ட 'பொட்டையா, கெடாயா?' என்ற கேள்வி இப்போது திரவ நைட்ரஜனில், சினைக்கு முன்பே கேட்கப்படுகிறது.

2017 ஜனவரியில் மெரினாவில் நாட்டு மாட்டுக்காக இளைஞர்கள் உட்கார்ந்தபோது நானும் உணர்ச்சிவசப்பட்டேன். அங்கே பேசப்பட்டது காளை. கன்று பேசப்படவில்லை, கட்டுத்தரை பேசப்படவில்லை. அதே வருஷம் மே மாதம் சந்தையில் மாடு விற்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாட்டு விதிகள் கொண்டுவந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஒரு வாரத்துக்குள் நிறுத்திவைத்தது. அந்த ஒரு வாரத்தில்தான் பலருக்குச் சிறு விவசாயியின் கன்று சந்தையோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியவந்தது. விற்க முடியாத காளைக்கன்றுக்குத் தீவனம் போட எந்தப் பசுப் பக்தரும் கொறங்காட்டுக்கு வரப்போவதில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா ஆடு திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு. இலவசம் என்று படித்தவர்கள் கிண்டலடித்தார்கள். எனக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. தாய் ஆடு தன்னுடையதாகவும், ஆகவே பிறக்கிற பெட்டையெல்லாம் தன்னுடையதாகவும் இருக்கிற ஒரு நிலைமை மாதாரித் தெருப் பெண்கள் பலருக்கு அப்போதுதான் வாய்த்தது. ஆனால் ஆடு கொடுத்த திட்டம் மேய்க்கக் காடு கொடுக்கவில்லை. கொறங்காட்டில் காற்றாலை நிற்கிறது, மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறது. தெருவோரம் கட்டிவைத்துக் கழுநீர் காட்டி வளர்த்தவர்கள் உண்டு. முதல் கோடையிலேயே விற்றவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் இரண்டையும் பார்த்தேன். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடு ஏறக்குறைய 99 லட்சம், மாடு 95 லட்சம். வெள்ளாட்டின் கை ஓங்கியிருக்கிறது. அதில் எத்தனை பட்டி யாருடையது என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்த எண் ஏதாவது சொல்லும்.

சித்திரையில் இன்னும் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தை கூடுகிறது. காங்கயம் கன்றுகளைக் கயிறு மாற்றிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வாரமும் போய்விடவில்லை. உடையவர் வீட்டுப் பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்கள், அல்லது அதில் வேலைக்கு இருக்கிறார்கள். ஆடு மட்டும் ஊரில் வாரத்துக்கு நிற்கிறது. 'சாமி' குறைந்து 'ஏனுங்க' ஆகியிருக்கிறது. பெட்டையை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அப்படியே இருக்கிறது. குட்டி செத்தால் இப்போது கூடையில் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்கிறார்கள். காது அடையாளம் தெரிகிற மாதிரி எடுக்கணும்.